கிட்டாரை எங்கே நிறுத்துவது

போர்ட் பிளேரில் எங்கள் வீட்டுக்கு அந்தக் கிட்டார் நிக்கோபாரின் கச்சால் தீவிலிருந்து லுங்கி ஒன்றில் சுற்றப்பட்டு வந்தது. கொண்டுவந்தவள் என் மனைவியின் பள்ளித் தோழி, நிக்கோபாரிப் பெண். அவளுடைய அம்மாவுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. சென்னைக்குக் கூட்டிப்போய் சில மாதங்கள் தங்கி வைத்தியம் பார்க்க வேண்டும் என்று போர்ட் பிளேர் டாக்டர் சொல்லியிருந்தார். கப்பலில் வந்து இறங்கிய அம்மாவும் மகளும் ஒரு நாள் எங்கள் குவார்ட்டர்ஸில் தங்கினார்கள். மறுநாள் விமானத்துக்குக் கிளம்பும்போதுதான் தோழி அந்த லுங்கி மூட்டையை என் மனைவியின் கையில் கொடுத்தாள்.

"மெயின்லேண்டுல எங்க தங்கப்போறோம்னே தெரியல. வீட்ல விட்டுட்டு வந்தா பசங்க தந்தி எல்லாத்தையும் அறுத்து வச்சிருக்கும். உங்கிட்ட இருக்கட்டும்."

"எனக்கு வாசிக்கத் தெரியாதே" என்றாள் மனைவி.

"தெரியலன்னா கத்துக்க. சும்மா வச்சிராத."

பிறகு என் பக்கம் திரும்பினாள். தீவில் பேசும் இந்தியை ஒட்டி அவள் என்னை ஜீஜா என்றுதான் கூப்பிடுவாள். அக்காள் கணவன் என்று அர்த்தம். "ஜீஜா, இதோட பாலிஷ் ரொம்ப மெலிசு. பழைய காலத்துப் பாலிஷ். நகம் பட்டாக்கூடத் தடம் விழும். பாத்துக்குங்க."

அந்தக் கிட்டார் அவளுடைய அப்பாவுடையது. கச்சாலில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஏதோ ஒரு வாத்தியாரிடமிருந்து அவர் வாங்கியதாம். அப்பா இப்போது இல்லை. கிட்டாரை வைக்கும் பெட்டியும் இல்லை, பூஞ்சை பிடித்து, அட்டை அட்டையாய் உதிர்ந்து, எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

என் மனைவியும் கச்சாலில் பிறந்தவள்தான். அவளுடைய பெற்றோர் சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து திரும்பியவர்கள். ரப்பர் தோட்ட வேலைக்கென்று அரசாங்கம் அவர்களை அங்கே குடியேற்றியது. தோட்டத்து லயம் என்னும் வரிசை வீடுகளின் பிள்ளைகளோடு விளையாடியே அந்தத் தோழி தமிழ் கற்றுக்கொண்டாள். நான் போர்ட் பிளேரிலேயே வளர்ந்தவன். கட்டட வேலைக்காக ராமநாதபுரத்திலிருந்து வந்தவர் என் அப்பா. எனக்குத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் பிரிவில் வேலை. மனைவி பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு கிட்டாரை எங்கே நிறுத்துவது என்ற கேள்வியில் எங்கள் இருவருடைய வேலையும் வந்து சேர்ந்துகொண்டது.

முதலில் அதைக் கூடத்து மூலையில் சாய்த்து வைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி வெந்துகொண்டிருந்தபோது பூமி ஆடியது. இங்கே அது புதிதல்ல. மின்விசிறி ஆடுவதைப் பார்த்து, அது தானாக ஆடுகிறதா பூமி ஆட்டுகிறதா என்று தீர்மானிப்பதற்குள் பெரும்பாலும் நின்றுவிடும். அன்றும் அப்படித்தான் நின்றது. ஆனால் நான் வாசல் பக்கம் நகர்ந்தபோது மனைவி எதிர்த்திசையில் ஓடினாள். கிட்டார் சுவரோடு உரசிச் சரிந்துகொண்டிருந்தது. கழுத்தைப் பிடித்துவிட்டாள். அடுத்தவர் பொருள், அதிலும் நோயாளியோடு போயிருக்கும் ஒருத்தியின் பொருள். பூமி நின்ற பிறகும் அவள் பிடியை விடவில்லை.

"இதை இப்பிடி வைக்க ஏலாது. இதுக்குன்னு ஒரு ஸ்டாண்டு வேணும்" என்றாள்.

அபர்தீன் பஜாரில் கால்பந்து, ஹார்மோனியம், கேரம் பலகை எல்லாம் ஒன்றாக விற்கும் கடை ஒன்று உண்டு. அங்கே இரண்டு வகை ஸ்டாண்டுகள் இருந்தன. ஒன்று சிறியது, மடித்தால் பைக்குள் போய்விடும். கிட்டாரின் அடிப்பாகத்தை மட்டும் தாங்கும். மற்றொன்று இரும்புக் குழாயால் ஆன உயரமான ஸ்டாண்டு. கீழே மூன்று கால். உடம்பைத் தாங்க இரண்டு கை. கழுத்தைப் பிடிக்க மேலே ஒரு கொக்கி. கடையிலிருந்த கிட்டார் ஒன்றை வாங்கி இரண்டிலும் மாற்றி மாற்றி வைத்து, விரலால் லேசாகத் தள்ளிப் பார்த்தேன். கப்பலில் சரக்கை அடுக்கும்போது நாங்கள் முதலில் பார்ப்பது அதன் கனம் எங்கே இருக்கிறது, அலை வந்தால் எந்தப் பக்கம் சாயும் என்பதைத்தான். கிட்டாருக்குக் கனம் கீழே. ஆனால் கழுத்து நீளம். ஆட்டம் தொடங்கினால் அதுதான் முழு உடம்பையும் இழுத்துக்கொண்டு போகும். சிறிய ஸ்டாண்டில் முன்பக்கம் தள்ளினால் தாங்கியது, பக்கவாட்டில் தள்ளினால் கழன்றது. உயரமானதில் கால்கள் அகலமாக விரிந்து, கழுத்தும் கொக்கிக்குள் இருந்ததால் எப்படித் தள்ளினாலும் திரும்பி வந்து நின்றது.

கடைக்காரர் தெலுங்கர். கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தவர், "கிட்டார்தானே சாப், குழந்தைக்கா தொட்டில் பாக்குறீங்க" என்று இந்தியில் கேட்டார்.

"பூகம்பம் வந்தா?" என்றேன்.

"பூகம்பம் வந்தா நான் ஓடிடுவேன். ஸ்டாண்டு எப்படியோ" என்றார்.

உயரமானதை வாங்கினோம். வீட்டில் உடனே கிட்டாரை வைக்கவில்லை. கிரிக்கெட் மட்டை ஒன்றின் அடியில் அரிசிப் பையைக் கட்டி, அதை ஸ்டாண்டில் மாட்டி, ஸ்டாண்டை மரப்பெஞ்சின் மேல் ஏற்றினேன். மனைவி பெஞ்சைப் பிடித்து ஆட்டினாள். முதலில் மெதுவாக, பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு. மட்டை அசைந்தது, விழவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டோம்.

மழைக்காலம் வந்தது. இங்கே மழைக்காலத்தில் பெல்ட்டில் பூஞ்சை வரும், தீப்பெட்டி நமத்துப்போகும், அலமாரிக் கதவு உப்பிக்கொண்டு மூடாது. மனைவி போனில் பாடங்களைப் பார்த்துக் கிட்டார் கற்கத் தொடங்கியிருந்தாள். விரல் நுனிகள் காய்த்து, அதை எனக்குப் பெருமையாகத் தொட்டுக் காட்டுவாள். பள்ளி விட்டு வந்ததும் ஸ்டாண்டிலிருந்து எடுப்பாள், சமையலுக்கு முன் திருப்பி வைப்பாள். நடுவில் பள்ளியில் தேர்வு வேலை வந்து கொஞ்ச நாள் தொடவில்லை. அது முடிந்து ஒரு மாலை எடுத்தபோது, காயத்திலிருந்து பிளாஸ்திரியைப் பிய்ப்பதுபோல ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

"என்னங்க, இங்க வாங்க."

கிட்டாரின் அடிப்பக்கத்தில், ஸ்டாண்டின் கைகள் தாங்கிய இரண்டு இடங்களிலும், விரல் அகலத்துக்கு மினுமினுப்பு போயிருந்தது. பாலாடை படிந்ததுபோல மங்கல். தொட்டால் லேசான பிசுக்கு. ஸ்டாண்டின் கைகளில் மாட்டியிருந்த கறுப்பு உறையில், அந்தந்த இடத்தில் ஒரு பளபளப்பு. அவள் உறையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"மெத்துன்னு இருக்கணும்னுதானே இதைப் போட்டிருக்கான்" என்றேன். "மெத்துன்னு இருக்கிறது எப்பிடி மரத்தைக் கெடுக்கும்?"

"மரத்தைக் கெடுக்கல. பாலிஷைத்தான் தின்னுருக்கு." கொஞ்ச நேரம் யோசித்தவள், திடீரென்று கேட்டாள்: "சின்ன வயசுல ஜாமெட்ரி பாக்ஸ்ல அழிரப்பரை பிளாஸ்டிக் ஸ்கேல் மேல வச்சுட்டு லீவு முடிஞ்சு தொறந்து பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன். எல்லாரும் பார்த்திருப்பார்கள். அழிரப்பர் ஸ்கேலில் ஒட்டி, பிய்த்தால் ஸ்கேலில் குழி விழுந்திருக்கும். நான் அதை வெயிலால் ஆனது என்று நினைத்திருந்தேன். அவள் விளக்கினாள். ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் வளையும்படி மென்மையாக்க ஒருவித எண்ணெய்ப்பசையைக் கலப்பார்கள். அது உள்ளேயே கிடப்பதில்லை. மெல்ல மெல்ல வெளியே ஊரும். தொட்டுக்கொண்டிருக்கும் பொருள் அதற்கு இளகுகிற சாதியாக இருந்தால் அதற்குள் புகுந்துவிடும். கிட்டாரின் பழைய பாலிஷ் அந்தச் சாதி போலிருக்கிறது. போனில் தேடினோம். ஆளுக்கொரு பேச்சு இருந்தாலும், பழைய மெல்லிய பாலிஷையும் ரப்பர், ஸ்பாஞ்சு உறைகளையும் நம்பி ஒன்றாக விடாதே என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள்.

அப்படியானால் எதை வைப்பது? அதில்தான் கருத்துகள் பிரிந்தன. தோல் என்றார் ஒருவர், தோலிலும் எண்ணெய் உண்டு என்றார் மற்றவர். வெல்வெட், கம்பளி, துணி சுற்றினால் போதும், துணி சுற்றினாலும் போதாது.

"யார் சொல்றது சரின்னு நாமளே பாத்துருவோம்" என்றாள். கிட்டாரைக் கட்டில் நடுவில் தலையணைகளுக்கிடையே கிடத்திவிட்டு, நாங்கள் அன்றிரவு தரையில் பாய் விரித்தோம்.

சாத்தம் போகும் சாலையில் ஒரு மரச்சாமான் பட்டறை இருக்கிறது. முதலாளி வங்காளி, எல்லாரையும் போல நானும் அவரை அண்ணன் என்ற பொருளில் தாதா என்பேன். போனில் தேடித் தெரிந்துகொண்ட கிட்டார் பாலிஷின் பெயரைச் சொன்னதும், கட்டில் தலைமாட்டுக்கு அதே இனத்துப் பாலிஷைத்தான் தெளிப்புத் துப்பாக்கியால் அடிப்பதாகச் சொன்னார். சிவந்த படாக் மரத்தில் ஒரு துண்டுப் பலகையை எடுத்து, அதில் அடித்துத் தர ஒப்புக்கொண்டார்.

"என்ன செய்யப் போறீங்க இதை வச்சு?"

"கெடுத்துப் பாக்கப் போறோம், தாதா."

அவர் கொஞ்சம் யோசித்தார். "கெட்டதும் கொண்டுவந்து காட்டுங்க. எனக்கும் கஸ்டமர் சண்டை போடுறான், மேஜை விரிப்பு ஒட்டிக்குதுன்னு."

பலகையைச் சமையலறை ஜன்னல் திட்டில் வைத்தோம். ஸ்டாண்டின் கறுப்பு உறையில் ஒரு துண்டு, கழுத்துக் கொக்கியிலிருந்த ஸ்பாஞ்சில் ஒரு துண்டு, ஹவாய்ச் செருப்புத் துணுக்கு, என் பழைய பெல்ட், ஒரு பரிசுப் பெட்டியிலிருந்து பிய்த்த சிவப்பு வெல்வெட், துவைத்துத் துவைத்து மென்மையான வேட்டித் துணி, வேட்டித் துணியில் சுற்றிய ஸ்பாஞ்சு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பருப்பு டப்பா. சாம்பாருக்குத் துவரம்பருப்பு வேண்டுமென்றால் வேறு டப்பாவில் எடுக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டமாயிற்று.

மனைவிக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. கச்சாலில் இருக்கும் தன் அண்ணனுக்குப் போன் செய்து, தோட்டத்து ரப்பர் ஷீட்டில் உள்ளங்கை அளவு வெட்டிக் கப்பலில் வரும் யாரிடமாவது கொடுத்துவிடச் சொன்னாள். "கடை ரப்பர்லதான் கண்டதையும் கலக்குறான். நம்மது சுத்தமான பாலு. அது ஒண்ணும் பண்ணாது பாருங்க."

முதல் சோதனை வீணாகிப்போனது. சில நாளில் டப்பாக்களை எடுத்தபோது எல்லாவற்றுக்கும் கீழே தடம். வேட்டித் துணியின் நெசவுகூட அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. பலகையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனோம். தாதா தலையில் அடித்துக்கொண்டார்.

"மழைக்காலத்துல அடிச்சது. காஞ்சதே பாதிதான். நீங்க போன கையோட வைப்பீங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

நாங்கள் சோதித்தது பழைய பாலிஷை அல்ல, பச்சைப் பாலிஷை. அவர் வேறொரு பலகையைத் தேடி எடுத்தார். விற்காமல் கிடந்த ஒரு பழைய சின்ன அலமாரியின் கதவு. அதிலும் அதே பாலிஷ், ஆனால் நன்றாக இறுகியது. மறுபடியும் ஜன்னல் திட்டு, மறுபடியும் பருப்பு டப்பாக்கள். இந்த முறை பொறுத்திருந்தோம். கச்சால் ரப்பரும் அதற்குள் வந்து சேர்ந்தது. பழுப்பாய், புகை வாசத்தோடு. பொட்டலத்தைப் பிரித்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். அதையும் ஒரு டப்பாவுக்குக் கீழே வைத்தாள்.

டப்பாக்களை எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழை விட்டு வெயில் அடித்த ஒரு சனிக்கிழமை. கதவை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தோம். கறுப்பு உறை வைத்த இடம் கிட்டாரில் இருந்தது போலவே மங்கிப் பிசுக்காக இருந்தது. ஸ்பாஞ்சு அதைவிட மோசம். செருப்பும் அப்படியே. வெல்வெட் பாலிஷை ஒன்றும் செய்யவில்லை, ஆனால் ஈரக்காற்றில் தன் சாயத்தை இறக்கிவிட்டிருந்தது. பெல்ட்டுக்குக் கீழே எண்ணெய் வளையம். வெறும் வேட்டித் துணி வைத்த இடத்தில் எதுவுமே இல்லை. நான் எங்கே வைத்தேன் என்று தேட வேண்டியிருந்தது.

எங்களை ஆச்சரியப்படுத்தியது வேட்டியில் சுற்றிய ஸ்பாஞ்சுதான். அங்கேயும் மங்கல். துணியைத் தாண்டி வந்திருக்கிறது.

"அப்போ மேல துணி சுத்துறதெல்லாம் கண்துடைப்பு" என்றேன்.

அவள் கச்சால் ரப்பர் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவற்றை விடக் குறைவுதான், ஆனாலும் மஞ்சளாய் ஒரு கறை தெரிந்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

"நம்ம ரப்பரும் பண்ணுது" என்றாள். தன் சொந்தக்காரர் ஒருவரைப் பற்றி யாரோ உண்மையைச் சொன்னதுபோல இருந்தது அவள் குரல். பிறகு சிரித்துவிட்டாள்.

ஸ்டாண்டிலிருந்து உறை, ஸ்பாஞ்சு எல்லாவற்றையும் உரித்தோம். வெறும் இரும்புக் குழாயில் வேட்டித் துணியை இறுகச் சுற்றினோம். கொஞ்ச நாளில் துணியில் பழுப்புப் புள்ளிகள். கடல் காற்றில் இரும்பு சும்மா இருக்குமா? துரு ஊறி வந்திருந்தது. நல்லவேளையாகக் கிட்டாரில் படுவதற்கு முன் பார்த்துவிட்டோம். இரும்பும் இல்லை, ரப்பரும் இல்லை என்றால் மரம்தான். மறுபடியும் பட்டறை.

தாதா படாக்கிலேயே செய்துவிடலாம் என்றார். மனைவி தரையில் கிடந்த சீவலை எடுத்து, தண்ணீரில் நனைத்து, தன் கைக்குட்டையில் தேய்த்தாள். கைக்குட்டை சிவந்தது. "வேற மரம், தாதா. வெள்ளையா." அவர் வெளிர் நிற மரம் ஒன்றை எடுத்தார். கடையில் பார்த்த உயர ஸ்டாண்டின் வடிவத்தையே நான் மரத்துக்கு மாற்றி வரைந்து கொடுத்திருந்தேன்: அகலக் கால், கொஞ்சம் பின்சாய்வு, கழுத்துக்கு ஒரு பள்ளம், அதன் குறுக்கே திருகி மூடும் சின்ன மரத்தாழ். முதலில் செய்தது செங்குத்தாக நின்றது. மூச்சு விட்டாலே முன்னால் வரும்போல இருந்தது. சாய்வைக் கூட்டிச் செய்தோம். கூடினால் கழுத்தின் மேல் கனம் விழுகிறது. தள்ளிப் பார்த்து, எடுத்து, செதுக்கி, மறுபடி வைத்து, அந்த மாலை முழுவதும் பட்டறையில் கட்டில் வேலை நின்றுபோனது. கிட்டார் தொடும் இடங்களில் எல்லாம் வேட்டித் துணியை மடித்துத் தைத்துக் கட்டினாள் மனைவி. கால்கள் டைல்ஸ் தரையில் வழுக்கின. அடியில் மட்டும் ரப்பர் வில்லைகளை ஒட்டினோம். அங்கே அது கிட்டாரைத் தொடாது. தரையை எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளட்டும்.

குளிர்காலத்தில் தோழியும் அம்மாவும் திரும்பி வந்தார்கள். அம்மா மெலிந்திருந்தார், ஆனால் தானாகவே படியேறினார். தேநீர் கொடுத்த கையோடு மனைவி கிட்டாரைக் கொண்டுவந்து திருப்பி, மங்கல் பட்ட இடங்களைக் காட்டினாள். "நாங்க வாங்குன ஸ்டாண்டு பண்ணது. உங்கிட்ட போன்ல சொல்ல ஏலல, அங்க நீ இருந்த நெலமைல."

தோழி ஜன்னலருகே போய்ப் பார்த்தாள். விரலால் தடவினாள். "எந்த ரப்பர்?" என்றாள். கோபம் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். மனைவி அலமாரிக் கதவை எடுத்துவந்து தரையில் போட்டாள். அம்மாவும் நாற்காலியிலிருந்து குனிந்து ஒவ்வொரு தடமாகத் தொட்டுப் பார்த்து, நிக்கோபாரி மொழியில் மகளிடம் ஏதோ சொன்னார்.

"அம்மா கேக்குது, இது எங்க தோட்டத்து ரப்பரான்னு."

"ஆமா, அதான்" என்றாள் மனைவி.

தோழி என் பக்கம் திரும்பினாள். "ஜீஜா, எங்க சர்ச்சுல இன்னும் ரெண்டு மூணு பழைய கிட்டார் இருக்கு. எல்லாத்தையும் சைக்கிள் ட்யூப்ல கழுத்தக் கட்டித்தான் தூண்ல மாட்டி வச்சிருக்கோம். கட்டுன எடமெல்லாம் கருப்பா, கச்சடாவா இருக்கும். பழசானா அப்பிடித்தான் ஆகும்னு இத்தன வருஷமா நெனச்சோம்."

பிறகு வாசித்தாள். எங்கள் வீட்டில் அந்தக் கிட்டார் அப்படி ஒலித்து நாங்கள் கேட்டதில்லை. முடித்ததும் மனைவியிடம் நீட்டினாள். மனைவி தனக்குத் தெரிந்த ஒரே பாட்டை, விரல் மாற்றும் இடத்திலெல்லாம் நின்று நின்று வாசித்தாள். அம்மா தலையை ஆட்டிக்கொண்டு, அவள் நின்ற இடத்திலெல்லாம் தானும் நின்று காத்திருந்தார்.

கப்பலில் கிட்டாரோடு மரஸ்டாண்டும் போயிற்று, தோழியே கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த அலமாரிக் கதவையும் கேட்டாள். மனைவி பின்னர் தனக்கென்று ஒரு புதுக் கிட்டார் வாங்கிக்கொண்டாள். அதன் பூச்சு கண்ணாடி மாதிரி தடித்தது. எதை வைத்தாலும் ஒன்றும் ஆகாது என்று கடைக்காரர் சொன்னார். அதை உரித்த இரும்பு ஸ்டாண்டில் துணி சுற்றித்தான் வைத்திருக்கிறோம். துரு வரும்போது துணியை மாற்றுகிறோம்.

போன வாரம் கச்சாலிலிருந்து ஒரு படம் வந்தது. சிக்னல் கிடைத்த நேரத்தில் தோழி அனுப்பியிருக்கிறாள். அதே அலமாரிக் கதவு, ஆனால் திருப்பிப்போட்டு, பாலிஷ் கெடாத பின்பக்கம். அதன் மேல் தேங்காய்ச் சிரட்டைகளைக் கனத்துக்கு வைத்திருந்தாள். அடியில் என்னென்ன என்று பேசி அனுப்பியிருந்தாள்: கயிற்று நார், பஞ்சு, தாழை ஓலையில் முடைந்த பாயில் ஒரு துண்டு. சர்ச்சுக் கிட்டார்களுக்கு அங்கேயே கிடைக்கிற பொருளாக வேண்டுமாம்.

மனைவி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "நார் கீறிரும். பஞ்சு ஈரம் குடிக்கும். ஓலைப்பாய்தான் நிக்கும்னு எனக்குத் தோணுது."

"ஓலையோட ஓரம் கூரா இருக்காதா?" என்றேன்.

"முடையிறதுக்கு முன்னாடி ஓரத்தைச் சீவிருவாங்க. ஆனா பச்சை ஓலைல சாறு இருக்குமோ என்னமோ. காஞ்சதா, பச்சையான்னு கேக்கணும்."

போனை எடுத்தாள். லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டாள்.